பாலமோர் வண்டி

தக்கலைக்குப் போக வேண்டியவள் நான்.
பத்தரைக்குப் பத்திர ஆபீஸ்.
அண்ணன்மார் இருவரும் சாட்சிகளோடு வந்து நிற்பார்கள்.
மஞ்சள் உறைக்குள் விடுதலைப் பத்திரம்:
பதினேழு சென்ட், நாலு தென்னை, ஒரு அயனி மரம்.
பிரதிபலன் ஏதுமின்றி, முழு மனதோடு,
என்று எனக்காக யாரோ எழுதிவைத்திருந்தார்கள்.

வடசேரியில் தக்கலை வண்டி பிதுங்கி வழிந்தது.
பக்கத்தில் பாலமோர் வண்டி.
டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் காலி.
அவ்வளவுதான் காரணம்.
பிறகு எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள்,
இதைவிடப் பெரிதாக ஒன்றும்
என்னிடம் இல்லை.

"எங்க?" என்றார் கண்டக்டர்.
"கடைசி வரைக்கும்."
மகளிர் சீட்டைக் கிழித்துத் தந்தார்.
கட்டணம் பூஜ்யம் என்று அதிலும் அச்சடித்திருந்தது.
சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

தடிக்காரன்கோணம் தாண்டியதும்
போனில் கோடுகள் ஒவ்வொன்றாய் அவிந்தன.
பாலிதீன் பாவாடை கட்டிய ரப்பர் மரங்கள்
கீரிப்பாறை வரை கூடவே வந்து
நின்றுகொண்டன.
மேலே ஏற ஏறக் காது அடைத்தது,
யாரோ உள்ளங்கையால் பொத்தியதைப் போல,
ஆனால் அன்பாக.

ஊட்டி பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.
எங்கள் ஜில்லாவின் குளிருக்கு வெளியூரில் பேரில்லை.
என்றாலும் மார்கழி,
இரவெல்லாம் தூறிக் கிடந்த மலை,
நானோ ஆபீசுக்கென்று உடுத்திய வாயில் சேலையில்.
என்னை இறக்கிவிட்ட வண்டி
உறுமித் திரும்பி மஞ்சுக்குள் கரைந்தது.
அடுத்தது மூன்றே முக்காலுக்கு.

எதிரே மலை இருக்க வேண்டிய இடத்தில்
ஒன்றும் இல்லை.
ஒன்றும் இல்லாததை இவ்வளவு பக்கத்தில்
அதுவரை பார்த்ததில்லை.

பல் கிட்டியது.
உறையை நெஞ்சோடு வைத்து
முந்தானையை இறுக்கிச் சுற்றினேன்.
காற்று நின்றது.
பன்னிரண்டு பக்கம், அதில் நாலு முத்திரைத்தாள்.
அப்பா போன ஒன்பது வருஷத்தில்
அந்த மண் எனக்குச் செய்த
முதல் காரியம்.

தகரக் கொட்டகையில் ஐந்தாறு பெண்கள்
கிராம்பு உதிர்த்துக்கொண்டிருந்தார்கள்.
வெயில் வராத நாள்; பாயெல்லாம் பச்சையும் சிவப்பும்.
"தணுப்புல நிக்காதீங்க, உள்ள வாங்க"
என்றாள் ஏசுவடியாள்.
ஊர் எது, யார் வீடு, எதற்கு வந்தாய்,
ஒன்றும் கேட்கவில்லை.
கட்டஞ்சாயா தந்தாள்.
ஒரு குத்துக் கிராம்பை என் முன்னால் தள்ளினாள்.
காம்பைப் பெருவிரலால் நெருட வேண்டும்,
மொட்டு கழன்று விழும்.
என்னுடையது முதலில் நசுங்கியது.
"மெதுவா" என்று ஒருத்தி சொன்னாள், தன் வேலையைப் பார்த்தபடி.

ரெண்டு மணிக்கூர்.
யாருக்கும் தங்கையாக இல்லாமல்
ரெண்டு மணிக்கூர்.
மரச்சீனியும் காந்தாரி மிளகும் வந்தன, தின்றேன்.
சிறிது நேரம் மஞ்சு விலகி
ஈரப்பாறை ஒன்று, அதன்மேல் வெள்ளைக் கோடாய் ஒரு ஓடை.
"அந்தா" என்றார்கள்.
பார்ப்பதற்குள் மூடிக்கொண்டது.

கூலி என்று இருபது ரூபாயை நீட்டினாள் ஏசுவடியாள்.
விளையாட்டுக்கா, நிஜத்துக்கா, தெரியவில்லை.
வாங்கிக்கொண்டேன்.

இறங்கும் வண்டியில் உறையைப் பிரித்துப் பார்த்தேன்.
கையெழுத்துப் போடும் இடத்தில்
வேர்வையோ மஞ்சோ, ஒரு வட்டம்.
அதன் ஓரத்தில் கிராம்பெண்ணெயில் என் பெருவிரல்,
ஒரு ரேகை விடாமல், பழுப்பாக,
ரிஜிஸ்ட்ராருக்கு முன்னால் வைக்க வேண்டியது,
தவறான பக்கத்தில்.

தடிக்காரன்கோணத்தில் காது திறந்தது,
பட்டென்று.
அதே நொடி போனும்:
பத்தொன்பது அழைப்புகள்.
சின்ன அண்ணன் பதினொன்று, பெரியவன் எட்டு.

பெருவிரலை மூக்கருகே வைத்துக்கொண்டு
அது அடித்து ஓயட்டும் என்று
இருந்தேன்.